1772-ன் காலாளுக்கு ஒரு வளரி

பழைய போர்களை அந்தந்தக் காலத்து உடையோடும் ஆயுதத்தோடும் மறுபடி நடத்திப் பார்க்கிற குழு ஒன்று எங்கள் பக்கம் இருக்கிறது. உச்சிப்புளி, திருப்புல்லாணி, கீழக்கரை, இராமநாதபுரம் ஆட்கள்தான் அதிகம். கடை வைத்திருப்பவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவர், சிலம்ப வாத்தியார் ஒருவர். நான் சேர்ந்ததும் எனக்குக் கொடுத்த வேடம், 1772-ல் இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதியின் படையில் இருந்த ஒரு காலாள். தளபதி இல்லை, குதிரைக்காரன் இல்லை. வேட்டி, தலைப்பாகை, வேல்கம்பு, இடுப்பில் வளரி என்கிற பிறை வடிவ எறிதடி ஒன்று, அவ்வளவுதான். ஆனால் எல்லாவற்றையும் நானே செய்துகொண்டு வர வேண்டும். நாடகத்துக்கு வாடகைக்கு எடுக்கிற சரிகை உடையும் தகரக் கவசமும் முகாமுக்குள் வரக் கூடாது என்பது அவர்கள் விதி.

அந்த விதி எனக்கு உடனே பிடித்துப்போனது. பழைய வீரன் என்றாலே மார்புக் கவசமும் தோளில் பட்டும் இருக்க வேண்டும் என்று சினிமா நம்மைப் பழக்கிவிட்டது. கூப்பிட்டதும் ஏரை நிறுத்திவிட்டுப் போருக்குப் போன ஆளை நாம் பார்த்ததே இல்லை. அவனிடம் இருந்த சாமான் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைச் சரியாகச் செய்து, அதைத் தூக்கிக்கொண்டு நடந்தால், அவன் எங்கே மூச்சு வாங்கியிருப்பான் என்பது நம் உடம்புக்கே தெரிகிறது. நான் இதில் சேர்ந்தது அதற்காகத்தான்.

1772 என்று ஒரே வருஷத்தைப் பிடித்துக்கொள்வதற்கும் காரணம் இருக்கிறது. அதற்கு முந்தின வருஷம்தான் தஞ்சை மராத்தியப் படை இராமநாதபுரத்தின் மேல் வந்து போயிருந்தது. 1772 ஜூன் தொடக்கத்தில் ஆற்காடு நவாப் முகமது அலியின் மகன் உம்தத்-உல்-உமராவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜெனரல் ஜோசப் ஸ்மித்தும் கொண்டுவந்த படை கோட்டையைப் பீரங்கியால் அடித்துப் பிடித்தது. சேதுபதி முத்துராமலிங்கருக்கு அப்போது 12 வயது. அவரையும் தாய் முத்துத்திருவாயி நாச்சியாரையும் திருச்சிக் கோட்டைக்குச் சிறைகொண்டு போனார்கள். அதே மாதம் 25-ம் தேதி காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அந்த ஜூன் மாதத்தில் களத்தில் நின்ற ஒரு காலாளின் இடுப்பில் என்ன இருந்திருக்க முடியும், என்ன இருந்திருக்க முடியாது என்பதுதான் எங்கள் எல்லா வேலைக்கும் அளவுகோல்.

அரண்மனைச் சுவர்

கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இராமலிங்க விலாசத்துக்குப் போகச் சொன்னார் பட்டாளத்து அய்யா. கிழவன் சேதுபதி காலத்து அரண்மனை அது. இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டிய ஓவியங்கள் சுவர் முழுக்க இருக்கின்றன. தஞ்சை மராத்தியரோடு நடந்த போரும் அதில் ஒரு காட்சி. நாங்கள் காட்டப்போகிற வருஷத்துக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முந்தையது. இந்த ஊர்க்காரர்கள் இந்த ஊர்ப் போரை வரைந்து வைத்தது. இதைவிட நல்ல சாட்சி எனக்கு வேறு இல்லை.

"ராஜாவைப் பார்க்காதீங்க தம்பி. அவரைத்தான் எல்லாரும் பார்க்கிறாங்க. ஓரத்துல நிக்கிற ஆளைப் பாருங்க" என்றார் அய்யா. நோட்டில் பென்சிலால் வரைந்துகொண்டேன். வேட்டி எங்கே முடிகிறது, இடுப்பில் கச்சை எப்படிச் சுற்றுகிறது, கம்பை எந்தக் கையில் எந்த இடத்தில் பிடித்திருக்கிறார்கள். புகைப்படத்தைவிடக் கையால் வரைவது நல்லது. வரையும்போது கண் ஓடிப்போகாமல் ஒரு இடத்தில் நிற்கிறது.

அங்கே வைத்திருக்கிற ஆயுதங்களில் வளரியும் உண்டு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரிகள் இருக்கின்றன. தந்தம் அரண்மனைக்கு. காலாளுக்கு மரம். வடிவம் பிறைதான். ஒரு முனை தடித்துக் கனமாக இருக்கும், மறுமுனை பிடிக்கு ஏற்ப மெலிந்து வரும். மெலிந்த பக்கத்தைப் பிடித்து, தோளுக்கு மேல் சுழற்றி விட வேண்டும்.

மதுரைச் சீமையில் வேலை பார்த்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி, வேலெறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று எழுதி வைத்திருக்கிறார். தேர்ந்த கை வீசினால் 100 கஜத்துக்குள் எந்தத் தூரத்திலும் குறி தப்பாது என்பதும் அவர் சொன்னதுதான். 1801-ல் அதே சின்ன மருதுவைப் பிடிக்கப் போன படையிலும் வெல்ஷ் இருந்தார். அந்த அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். கற்றுக்கொடுத்த கையைப் பற்றிக் கற்றுக்கொண்டவர் மரியாதையோடு எழுதியிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகும். வளரியை நானே செய்து வீசிப் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு முதல் காரணம் அந்தச் சில வரிகள்.

கிளை தேடியது

பலகையில் பிறை வரைந்து அறுத்தால் வளரி வந்துவிடும். ஆனால் முதல் மோதலிலேயே உடையும். பலகையில் நார் நேராக ஓடும். வளைவின் இரண்டு கடைசியிலும் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, அங்கே மரத்துக்குப் பலம் இருக்காது. நாரே வளைந்து ஓடுகிற கிளை வேண்டும். அதாவது மரத்திலேயே வளைந்து வளர்ந்த கிளை.

வளைந்த கிளைக்கு எங்கள் மாவட்டத்தில் பஞ்சமில்லை. எங்கே திரும்பினாலும் சீமைக்கருவேலம். ஆனால் குழுவில் அதற்கு இடமில்லை. அந்த மரம் இந்தியாவுக்குள் வந்ததே 19-ம் நூற்றாண்டில். 1772-ன் காலாள் அதைப் பார்த்திருக்கவே முடியாது. எனக்கு இது வெறும் நுணுக்கமாகப் படவில்லை. இன்றைக்கு நம் கண்ணை நிறைத்து நிற்கிற அந்தப் பச்சை முழுவதையும் மனசிலிருந்து எடுத்துவிட்டு, பனையும் உடைமரமும் நாட்டுக் கருவேலமும் மட்டும் இருந்த இராமநாதபுரத்தை நினைத்துப் பார்க்க வைத்தது அந்த ஒரு விதிதான். சீமைக்கருவேலத்தில் பழகுவதற்கு மட்டும் ஒன்று செய்துகொள்ளலாம் என்றார்கள். முகாமுக்கு நாட்டுக் கருவேலம்.

நாட்டுக் கருவேலம் வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் காலங்காலமாகப் போன மரம். இடி தாங்கும். கண்மாய்க்குள் நிற்கிற கருவேலம் அரசாங்கச் சொத்து, அதில் கை வைக்கக் கூடாது. திருப்புல்லாணிப் பக்கம் பட்டா நிலத்தில் ஒருவர் வரப்போரத்துக் கருவேலத்தைக் கழித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரே இரண்டு மூன்று கிளையைத் தூக்கிக் காட்டி, "இதுல எது வேணும்?" என்று கேட்டார். என் மணிக்கட்டைவிடத் தடிமனாக, முழங்கை மடக்கிய மாதிரி வளைந்த ஒன்றை எடுத்துக்கொண்டேன். உள்ளே வைரம் பாய்ந்திருக்க வேண்டும். வெட்டுவாயில் பார்த்தால் தெரியும். நடுவே செம்பழுப்பாக இருப்பது வைரம், சுற்றி வெளுத்திருப்பது வெளிறு. வெளிறு பூச்சிக்கு இரை, அதைச் செதுக்கித் தள்ளிவிடத்தான் வேண்டும். அதனால் வைரம் மட்டுமே ஒரு வளரிக்குப் போதுமான தடிமன் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கிளையை எடுக்க வேண்டும்.

பச்சை மரத்தை அப்படியே செதுக்கக் கூடாது. காயக் காயச் சுருங்கி, முனையிலிருந்து வெடிக்கும். மண்டபம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஓடாவி ஒருவர் இருக்கிறார். படகு கட்டிய கை. அவர் இரண்டு வெட்டுமுனையிலும் சாணியைக் கனமாகப் பூசச் சொன்னார். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். அதை அடைத்துவிட்டால் கட்டை முழுக்க ஒரே சீராகக் காயும். பட்டையை உரிக்காமல், வெயில் படாத இடத்தில், தரையைத் தொடாமல் இரண்டு செங்கல் மேல் வைத்தேன். இந்த இடத்தில் பொறுமை போனால் எல்லாம் போகும். கட்டையை அவ்வப்போது தராசில் வைத்து எடை குறித்துக்கொண்டே வரலாம். எடை இறங்குவது நின்றால் காய்ந்தது என்று அர்த்தம்.

செதுக்கல்

முதலில் வாச்சியால் இரண்டு பக்கத்தையும் தட்டையாக்கினேன். ஓடாவி அண்ணன் வாச்சியைப் பிடிக்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கட்டையைக் காலால் அழுத்திக்கொண்டு, தன் பக்கமாக இழுத்து வெட்டுகிறார். சிராய் தாள் கனத்தில் வருகிறது. "மரம் எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்து நீயும் அந்தப் பக்கம் போ தம்பி. எதிர்த்தா பிளந்துக்கும்" என்றார். வளைவில் நார் திசை மாறுகிற இடம் ஒன்று வரும். அங்கே இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி வெட்ட வேண்டும். ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் நார் தூக்கிக்கொள்ளும்.

என் வளரி முனைக்கு முனை சுமார் ஒன்றரை அடி. தடித்த பக்கம் மூன்று விரல் அகலம், பிடிப் பக்கம் ஒன்றரை விரல். பிடியின் கடைசியில் சிறு குமிழ் விட்டிருக்கிறேன். சுழற்றும்போது வியர்த்த கை வழுக்கினாலும் அந்தக் குமிழ் விரலில் மாட்டி நிற்கும். விளிம்பு இரண்டும் உருண்டையாக இருக்க வேண்டும். போரில் இருந்தவை விளிம்பு கூர்ந்தும் இருந்திருக்கும், இரும்பிலும் வளரி உண்டு. நாங்கள் கூர் வைப்பதில்லை.

வடிவம் வந்ததும் மர அரம், பிறகு கண்ணாடிச் சில்லு. உப்புத்தாளும் போடலாம்தான். ஆனால் உடைந்த கண்ணாடி விளிம்பால் சுரண்டினால் கருவேல வைரம் மெருகு ஏறிப் பளபளக்கிறது. தாளால் அந்தப் பளபளப்பு வராது. கையில் தடித்த துணி சுற்றிக்கொண்டு செய்ய வேண்டும். கடைசியாகப் புன்னை எண்ணெய். படகுக்குப் போடுகிற எண்ணெய்தான். வாடை கொஞ்ச நாளைக்குப் போகாது. மெல்லிசாகத் தடவி, ஊறவிட்டு, துடைத்து, மறுபடி தடவ வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

எடை சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. வளரியை ஒற்றை விரலில் படுக்கவைத்து, அது சாயாமல் நிற்கிற இடத்தைத் தேடுங்கள். அந்த இடம் வளைவுக்கு நடுவில் இருக்கக் கூடாது, தடித்த பக்கமாகத் தள்ளியிருக்க வேண்டும். நடுவில் நின்றால் பிடிப் பக்கம் இன்னும் கனமாக இருக்கிறது, அங்கே இன்னும் இழைக்க வேண்டும். என்னுடையது இப்படி இழைத்து இழைத்து அரைக் கிலோவுக்குக் கீழே வந்து நின்றது.

வீச்சு

வீசுவதற்கு மணல்தரைதான் வேண்டும். வற்றிய கண்மாய்த் தரை கல் மாதிரி இறுகிக் கிடக்கும். வளரி அதில் மோதினால் எம்பி எங்கேயாவது போகும், முனையும் விரியும். சேதுக்கரைக்குக் கொஞ்சம் தள்ளி, ஆள் நடமாட்டம் இல்லாத மணல்வெளியில் கயிறு கட்டிப் பழகினோம். குறிக்குப் பனங்கட்டை நட்டு, வைக்கோல் அடைத்த சாக்கை அதில் கட்டினோம். ஒருவர் வீசும்போது மற்றவர்கள் எல்லாரும் கயிற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டும். வீசுவதற்கு முன்னால் சத்தமாக "வளரி!" என்று சொல்ல வேண்டும். கடைசி ஆள் வீசி முடித்த பிறகுதான் எல்லாரும் சேர்ந்து போய்ப் பொறுக்க வேண்டும். முயல், பறவை எதன் மேலும் வீசக் கூடாது, அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அந்தக் காலத்தில் இதே வளரியால் வேட்டையாடியிருக்கிறார்கள் என்பதால் இன்றைக்கும் ஆடலாம் என்று ஆகாது.

வாத்தியார் எனக்கு முதலில் வீசவே கற்றுக்கொடுக்கவில்லை. சிலம்பத்தில் காலடி வைக்கச் சொன்னார். இடது கால் முன்னால், இடுப்பு திரும்பி, தோள் கடைசியில். கை வலுவால் வீசினால் வளரி புரண்டு விழுகிறது. இடுப்பு திரும்புகிற வேகம் தோள் வழியாக மணிக்கட்டுக்கு வந்து, அங்கே ஒரு சுண்டு சுண்டினால் அது சுழல்கிறது. சுழன்றால்தான் நேராகப் போகும். சுழற்சி குறைந்ததும் சாய்ந்து விழும். அதனால் எவ்வளவு வேகமாக வீசுகிறோம் என்பதைவிட எவ்வளவு வேகமாகச் சுழல விடுகிறோம் என்பதுதான் முக்கியம்.

காற்று இன்னொரு பாடம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் இந்தக் கரையில் மணலே பறக்கும். எதிர்காற்றில் வளரியைப் படுக்கைவசமாக வீசினால் அது தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிடும். கொஞ்சம் சாய்த்து, முழங்கால் உயரத்துக்குக் குறிவைத்து வீச வேண்டும். ஓடுகிறவனின் காலை முறிப்பதற்கு வீசியது என்று பெரியவர்கள் சொல்வதன் பொருத்தம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. தாழ வீசும்போதுதான் காற்று அதைக் கெடுப்பதில்லை. இப்போது 30 மீட்டரில் சாக்கை ஓரளவு நம்பிக்கையோடு அடிக்கிறேன். வெல்ஷ் சொன்ன 100 கஜம் என்பது 91 மீட்டர். அந்தத் தூரத்தில் நட்ட பனங்கட்டை கண்ணுக்கே சிறு கோடாகத்தான் தெரிகிறது. பிள்ளைப் பருவத்திலிருந்தே தினம் வீசிய கைகளுக்குத்தான் அது வசப்படும்.

பார்க்க வருகிற எல்லாரும் கேட்கிற கேள்வி, "இது திரும்பி வருமா?" வராது. வீசிய இடத்துக்குத் திரும்பி வருவதற்கு விளிம்பைப் பறவை இறகின் வாக்கில் செதுக்க வேண்டும், எடையும் இதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். நான் செய்தது அடித்து வீழ்த்துகிற வகை. எதிராளியின் மேல் பட்ட பிறகு எதுவும் திரும்பி வரப்போவதும் இல்லை.

தலைப்பாகை

வேட்டிக்கும் தலைப்பாகைக்கும் காடாத்துணி எடுத்தேன். ஓரத்தை மிஷினில் அடிக்காமல் கையால் மடித்துத் தைத்தேன். தலைப்பாகையைச் சிவப்பாக்க சாயவேர். இந்தக் கரையோர மணலில் தானாக முளைக்கிற செடி அது, ஒரு காலத்தில் கடல்கடந்த துணி வியாபாரத்துக்கே சிவப்புச் சாயம் கொடுத்தது. நாட்டு மருந்துக் கடையில் இம்பூரல் என்று கேட்க வேண்டும். முழுச்செடியாகக் காய்ந்து கிடைக்கும். சாயம் இருப்பது வேரில், அதனால் வேரை மட்டும் நறுக்கி இடித்துக்கொள்ள வேண்டும்.

துணியில் இருக்கிற கஞ்சி போக நன்றாக அலசி, கடுக்காய்த் தூள் கலந்த பாலில் ஊறவைத்துக் காயப்போட்டேன். அப்புறம் படிகாரத் தண்ணீரில் நனைத்து மறுபடி காயவைத்தேன். படிகாரம் இல்லாவிட்டால் சாயம் நூலைப் பிடிக்காது, ஒரு துவைப்பில் போய்விடும். பிறகு வேர்த்தூள் போட்ட தண்ணீரில் துணியை அமுக்கி, சிறு தீயில் மெல்ல மெல்லச் சூடேற்றினேன். பாத்திரம் மண்பானை. இரும்பு கூடவே கூடாது, கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் துணி கறுத்துப்போகும். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. குடிக்கிறவர்களுக்குத் தொல்லை, இந்தச் சாயத்துக்கு அதுதான் நல்லது. மண்சிவப்பும் செங்கல்நிறமும் கலந்த ஒரு நிறம் வந்தது. கடைச் சாயத்தின் ரத்தச் சிவப்பு இல்லை. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. இந்த மண்ணிலிருந்தே எடுத்த நிறம்.

வேல்கம்பு பற்றிச் சொல்ல அதிகமில்லை. காய்ந்த கெட்டி மூங்கில், என் உயரத்துக்கு மேல் ஒரு முழம். நுனியில் இரும்பு கிடையாது, பல மடிப்புத் தோலை வைத்துக் கட்டியிருக்கிறோம். மோதல் காட்சியில் அசல் வளரியும் வராது. அதே அளவில் காடாத்துணியில் தைத்துப் பஞ்சு அடைத்தது ஒன்று தனியாக இருக்கிறது, அதைத்தான் வீசுவோம். துப்பாக்கிகள் எல்லாம் மரம். வெடிமருந்துக்குப் பதில் தப்பு அடிக்கிறவர் ஒருவர் நிற்கிறார். அவர் ஓங்கி ஒரு அடி அடித்தால் ஒரு வரிசை சுட்டது என்று கணக்கு.

மணலில்

முகாமுக்கு ஊராட்சியிலும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியிருந்தார்கள். முகாமுக்குள் இன்னும் இரண்டு கட்டுப்பாடு உண்டு. சாதிக்கொடியும் சாதிப்பெயரும் வரக் கூடாது. கட்சி நிறத்தில் எதுவும் வரக் கூடாது. எங்கள் மாவட்டத்தில் இதை வாய்விட்டுச் சொல்லித்தான் ஆக வேண்டும். கிழவன் சேதுபதிக்கும் கீழக்கரை சீதக்காதிக்கும் இருந்த நட்பை ஊரே அறியும். அந்த அரசு யார் யாருடைய உழைப்பிலும் உயிரிலும் நின்றதோ, அவர்கள் எல்லாருடைய பிள்ளைகளும் இந்த முகாமில் இருக்க வேண்டும். இதில் நான் முழு மனசோடு குழுவின் பக்கம்.

கீழக்கரையிலிருந்து வருகிற காக்கா (அந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர்தான் நவாபின் சிப்பாய்களுக்குத் தலைவர். அவர் செய்துவைத்திருக்கிற மரத் துப்பாக்கியை ஒருதரம் தூக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே ஈயம் வைத்து, கம்பெனிப் படை வைத்திருந்த துப்பாக்கியின் எடைக்கே, நாலரைக் கிலோ அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார். தோட்டாத் தாளைப் பல்லால் கடித்துக் கிழிப்பது, கிண்ணியில் மருந்து போடுவது, குழலில் கொட்டுவது, கம்பியால் இடிப்பது என்று ஒவ்வொரு அசைவையும் தன் ஆட்களுக்குப் பழக்கியிருக்கிறார். தேர்ந்த சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். அதாவது ஒரு சூட்டுக்கும் அடுத்த சூட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 20 விநாடி.

அந்த 20 விநாடியில் என்ன செய்ய முடியும்? மோதல் காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் அதைத்தான் சோதித்துப் பார்த்தோம். காக்காவின் வரிசை நின்றது. தப்பு அடித்ததும் நாங்கள் வேல்கம்போடு ஓடினோம். அலை நனைத்த ஈரமணலில் 70, 80 மீட்டர் வரை போய்விட முடிகிறது. மேலே உதிரிமணலில் அதில் பாதிகூட வரவில்லை, கால் புதைகிறது. அந்தத் துப்பாக்கி குறிபார்த்து அடிப்பதும் ஏறக்குறைய அந்தத் தூரத்துக்குள்தான். ஆகவே தரை கெட்டியாக இருந்து, முதல் சூட்டில் பிழைத்தவன் நிற்காமல் ஓடினால், இரண்டாவது சூட்டுக்கு முன்னால் வளரி வீசுகிற தூரத்துக்கு வந்துவிடலாம். தரை உதிரியாக இருந்தால் நடுவழியில் இரண்டாவது சூட்டை வாங்க வேண்டும்.

அன்று இரவு இதைப் பற்றித்தான் பேச்சு. கம்பங்கூழும் கருவாடும் பனங்கருப்பட்டியும்தான் சாப்பாடு. தக்காளி, உருளைக்கிழங்கு, டீ எதுவும் முகாமில் இல்லை. பட்டாளத்து அய்யா சொன்னார்: "வெட்டவெளியும் கோட்டையும் அவங்களுக்கு. காடு நம்மளுக்கு." 1772-ல் இராமநாதபுரம் மதில் பீரங்கிக்கு முன்னால் நிற்கவில்லை. ஆனால் 1801-ல் சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போடப் பார்த்த கம்பெனிப் படை, ஏறக்குறைய ஒரு மாதம் மல்லுக்கட்டிவிட்டு அந்த வேலையையே கைவிட்டது. மரமும் முள்ளும் மண்டிக் கிடக்கிற இடத்தில் 20 விநாடிக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. துப்பாக்கிக்காரனுக்கு 20 மீட்டருக்கு அப்பால் கண் தெரியாது, வளரிக்காரன் அதற்குள்ளேயே நிற்பான். இதை நான் முன்பும் படித்திருக்கிறேன். ஆனால் உதிரிமணலில் கால் புதைந்து, நெஞ்சு அடைத்து, எதிரே நிற்கிற வரிசை கம்பியை உருவி மறுபடி துப்பாக்கியைத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டே ஓடியபோது, காடு என்றால் அந்த ஆட்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்பது வேறு விதமாக விளங்கியது.

மறுநாள் மோதலில் எங்கள் பக்கம் தோற்பதாகத்தான் காட்சி. அதை மாற்றி எழுதச் சொல்லிப் பார்வையாளர்களில் சிலர் கேட்டார்கள். குழு ஒத்துக்கொள்ளவில்லை. தோற்றதைத் தோற்றதாகவே காட்டுவதுதான் அன்றைக்கு நின்றவர்களுக்குச் செய்கிற மரியாதை என்று நானும் நினைக்கிறேன். மூன்றாவது முறை தப்பு அடித்ததும் விழ வேண்டியவர்களில் நானும் ஒருவன். விழுந்து மணலில் கிடக்கும்போது, 12 வயதுப் பிள்ளையாக ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் தாயோடு நடத்திச் செல்லப்படுவதை அய்யா சத்தமாக விவரித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒரு அம்மா, "அப்புறம் அந்தப் பிள்ளை என்ன ஆச்சு?" என்று அங்கிருந்தே கேட்டார். அய்யா கதையை நிறுத்திவிட்டு அவருக்குப் பதில் சொன்னார்: சில வருஷம் கழித்து விடுதலையாகி ஆட்சிக்கு வந்தார், 1795-ல் கம்பெனி மறுபடி அவரைப் பதவியிலிருந்து இறக்கியது, 1809-ல் சென்னைக் கோட்டையில் கைதியாகவே இறந்தார்.

முகாமுக்குப் பிறகு

உப்புக்காற்றில் இருந்துவிட்டு வந்த மரத்தை அப்படியே மூலையில் போடக் கூடாது. வளரியை நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, நிழலில் காயவைத்து, நகத்தால் முனையிலிருந்து முனை தடவிப் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசல் இருந்தால் நகம் மாட்டும். தட்டிப் பார்த்தாலும் தெரியும். நல்ல கட்டை கணீரென்று சொல்லும், விரிசல் விட்டது மந்தமாகக் கேட்கும். விரிசல் விட்ட வளரியைப் பசை போட்டு ஒட்டி மறுபடி வீசுவது ஆபத்து. அதைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம், வீசக் கூடாது. என்னுடையது கணீரென்றுதான் இருக்கிறது. புன்னை எண்ணெய் இன்னொரு பூச்சு கொடுத்தாயிற்று.

தலைப்பாகைக்கு சோப்பு போடவில்லை. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினேன். நிறம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அடுத்த முறை படிகாரத்தில் இன்னும் கொஞ்சம் அதிக நேரம் ஊறவைத்துப் பார்க்க வேண்டும்.

சேதுபதி படையில் திரி வைத்துச் சுடுகிற துப்பாக்கிக்காரர்களும் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இன்னும் அப்படி ஒருவரும் இல்லை. ஓடாவி அண்ணன் அதற்காக வேப்பங்கட்டை ஒன்றைக் கண்மாய்த் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறார். ஊறி எடுத்தால் பூச்சி அரிக்காது. காக்காவின் துப்பாக்கியைவிடக் குழல் எவ்வளவு நீளம் வேண்டும், திரியைப் பிடிக்கிற கொக்கி எந்த வாக்கில் வளைய வேண்டும் என்பதற்கு அரண்மனைச் சுவருக்கும் ஆயுத வரிசைக்கும் மறுபடி ஒருமுறை நோட்டோடு போக வேண்டும். கட்டை காய்வதற்குள் அந்த வரைபடம் முடிந்துவிடும்.